கடை முறிஞ்சவற்றை அலுமாரி

கோயிலில் திருவிழா மாம்பழத்தை ஏலம் விட்டார்கள். "ஒருதரம்... ரண்டுதரம்..." என்று ஒலிபெருக்கி இழுத்தபோது எனக்குப் புங்குடுதீவு வீட்டு முற்றம்தான் கண்ணுக்குள் வந்தது.

அப்பாவின் கொழும்புக் கடை முறிந்து, கடன்காரருக்காக நீதிமன்ற ஆட்கள் எங்கள் வீட்டுச் சாமான்களைப் பகிரங்க ஏலத்தில் விற்ற நாள் அது. முதல்நாளே அம்மா புளி போட்டு மினுக்கிவைத்த குத்துவிளக்குகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. ஊரே வந்து நின்றது. ஆனால் ஒருவரும் விலை கேட்கவில்லை. நொடிந்தவன் வீட்டுச் சாமானுக்கு விலை கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தார்கள். பட்டணத்து வியாபாரி ஒருவர் மட்டும் எங்கள் தேக்கு அலுமாரிக்கு, "பத்து ரூபா" என்றார்.

அம்மா குசினியில் அடுப்பை விட்டு நேரே முற்றத்துக்கு வந்தார்.

"ஏன் வாயை மூடிக்கொண்டு நிக்கிறியள்? எங்களிலை இரக்கமெண்டால் சரியான விலையைக் கேளுங்கோ. நாங்கள் கடனைத் தீர்க்கவேணும்."

எதிர்வீட்டுச் செல்லையா அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, "நூறு" என்றார். அதற்குப் பிறகு ஏலம் கூறியவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

காலையிலிருந்து அறைக்குள்ளேயே கிடந்த அப்பா, அலுமாரி நல்ல விலைக்குப் போனதும் வெளியே வந்தார். ஒரு பக்கத்தைத் தானே பிடித்து, வாங்கியவரின் மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டார். அன்றைய ஏலத்தோடு கடன் தீர்ந்தது. ஆனால் ஊர் அந்த அலுமாரியைக் 'கடை முறிஞ்சவற்றை அலுமாரி' என்றே பிறகும் சொன்னது.

இன்றைக்கு மாம்பழத்தை நான்தான் கேட்டு எடுத்தேன். பற்றுச்சீட்டு எழுதும் பையன் பேர் கேட்டான்.

"ஆற்றை பேரிலை எழுத, அக்கா?"

"கடை முறிஞ்ச சபாபதியற்றை மகள் எண்டு எழுது, தம்பி."