கோபுவின் கண்களுக்காகக் கோச்சடை போனேன்

இப்போது கைப்பேசியில் ஒலிநூல் கேட்டுக்கொண்டே மதுரைக்குப் போகிறவர்கள் நிறைய. 1984 மே மாதம் நான் போனபோது அந்தச் சொல்லே எனக்குத் தெரியாது. பையில் ஒரு டேப் ரெக்கார்டர், இரண்டு கேசட், இரண்டு துப்பறியும் நாவல்கள். செல்லப்பாண்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

பாண்டி லாரி ஓட்டுநர். திண்டுக்கல்லில் ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தோம். மாதாமாதம் வரும் ‘துப்பறியும் மாசிலாமணி’ நாவலை முதலில் யார் படிப்பது என்று சண்டை போடுவோம். அவனுக்கு மாசிலாமணியைவிட அவருடைய ஜீப் டிரைவர் கோபுவைத்தான் பிடிக்கும். கண் அழுத்த நோயில் பார்வை போய், பாண்டி சொந்த ஊரான கோச்சடைக்குத் திரும்பிய பிறகு, நாவலை நான் சத்தமாகப் படித்துப் பதிந்து தபாலில் அனுப்பினேன். ஒரு நாவலுக்கு இரண்டு கேசட். கேட்டுவிட்டு, கடைசியில் தன் குரலில் நாலு வார்த்தை பேசித் திருப்பி அனுப்புவான். இப்படிப் பத்தொன்பது நாவல் ஓடியது.

இருபதாவதில் குண்டு வெடித்துக் கோபுவுக்குக் கண் போகிறது. எனக்கு அதைப் படிக்க வாய் வரவில்லை. காலில் அடி, பதினைந்து நாளில் சரியாகிவிடும் என்று நானாகச் சொல்லி முடித்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துக் கேசட்டுகள் வந்தன. கடைசிவரை ஓட்டினேன், பாண்டியின் குரல் இல்லை. உள்ளே அவன் மனைவி முத்துலட்சுமியின் கையெழுத்தில் ஒரு சீட்டு: இனிமேல் அனுப்ப வேண்டாம் என்கிறார்.

ஞாயிறு காலை 6.10 பாசஞ்சரில் ஏறினேன். 62 கிலோமீட்டர், ஐந்து ரூபாய். சோழவந்தானில் வெற்றிலைக் கூடைகள் ஏறின. அதற்கப்புறம் உட்கார இடமில்லை. 8.25க்கு மதுரை. ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் ஐந்து நிமிட நடை. கோச்சடைக்கு டவுன் பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர், 45 காசு.

“அண்ணே, பாட்டுப் பொட்டியா? போடுங்க, கேப்போம்” என்றார் கண்டக்டர்.

“பாட்டு இல்லண்ணே, கதை.”

“பொட்டி கதை சொல்லுதா!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசலில் முத்துலட்சுமி, “வாங்கண்ணே” என்றதோடு சரி. பாண்டி நாற்காலியில் இருந்தான். என் செருப்புச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“புதுப் புத்தகம் வந்துச்சுன்னு லட்சுமி வாங்கியாந்து எழுத்துக்கூட்டிப் படிச்சா. மொதப் பக்கத்துலயே கோபு கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வாரான். எனக்கு ஒண்ணும் வெளங்கல மாப்ள. அப்புறம்தான் உன் வேலைன்னு புரிஞ்சிச்சு.”

“உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு...”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? டாக்டர் மறைச்சாரு, எங்கண்ணன் மறைச்சான். ஊரே என்கிட்ட மெதுவாப் பேசுது. உன் கேசட்டு ஒண்ணுலதான் எவனும் எனக்காக எரக்கப்படலன்னு நெனச்சேன்.” முகத்தை என் பக்கம் திருப்பினான். “அந்தக் கதையில கொலகாரனக் கண்டுபிடிச்சதே கோபுதான், தெரியுமா? இஞ்சின் சத்தத்த வச்சு. நீதான் அவனக் காலொடிச்சு வீட்டுக்கு அனுப்பப் பாத்த.”

இருபத்தொன்றாம் நாவலை நான் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. தப்புதான் என்றேன்.

“புத்தகம் இருக்கா? விட்டதப் படி. பதிஞ்சுக்கிட்டே படி.”

படித்தேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்ததும் கோபு, “லைட்டைப் போடுங்க டாக்டர்” என்கிற இடத்துக்கு வந்தேன். பாண்டி கை நீட்டி என்னை நிறுத்தினான்.

“அப்படிக் கேக்க மாட்டான். எனக்கு ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் பிரிச்சப்ப, பக்கத்துல யாரு நிக்கிறான்னுதான் கேட்டேன்.”

“நான்தான் நின்னேன்” என்றாள் முத்துலட்சுமி. பிறகு உள்ளே போய்விட்டாள். பாண்டி அவள் போன திசையில் முகத்தை வைத்திருந்தான். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது.

“சரி, மேல படி” என்றான். “எழுதியிருக்கிறத மட்டும் படி.”

அன்றைக்கே இருபத்தொன்றையும் முடித்தோம். சாப்பாட்டுக்கு மட்டும்தான் நிறுத்தினோம். அதன் பிறகு தொடர் நின்றுபோகும்வரை மூன்று வருடம், இரண்டாவது ஞாயிறுகளில் நானே கோச்சடை போனேன். வரியை நான் சொல்லிக்கொடுக்க, கோபு பேசுவதையெல்லாம் பாண்டி பேசினான். அடுத்தவன் பேசினால் கோபு மாதிரி இல்லையாம்.

திண்டுக்கல்லிலிருந்து காலை ரயிலில் போகிறவர்கள் வலது பக்கம் உட்காருங்கள். வெயில் முகத்தில் அடிக்காது. மே மாதம் என்றால் ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். யாருக்காவது புத்தகம் படித்துப் பதிந்து அனுப்புகிறவராக இருந்தால், ஒரு பக்கத்தையும் தாண்டாதீர்கள். தாண்டத்தான் வேண்டும் என்று தோன்றினால், பஸ் ஏறிப் போய் அவரிடமே கேளுங்கள்.