கண்ணை மூடிக்கொண்டு பார்த்த தாராபுரம் சாலை

பீளமேட்டில் கல்லூரி முடித்து இருபத்திரண்டு வருடம் ஆன பிறகு, இந்த ஜனவரியில் மறுபடியும் பைக்கில் தாராபுரம் போக ஆசை வந்தது. விடுதியில் என் அறைத்தோழனாக இருந்த தங்கராசு அங்கேதான் இருக்கிறான். அப்போது மாதம் ஒரு சனிக்கிழமை அவன் ஊருக்குப் போவோம். அவன் ஓட்டுவான், நான் பின்னால் உட்கார்ந்து கத்திப் பாடுவேன். வழியில் குண்டடம் தாண்டி, ஒரு மில்லுக்கு எதிரே டீக்கடை. அந்தக் கடையை நினைத்துத்தான் இந்தத் தடவை கிளம்பினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 6.15க்குக் கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டேன். சூலூர், பல்லடம் வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர். பல்லடம் தாண்டியதும், பழைய காற்று முகத்தில் அடிக்கட்டுமே என்று ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். எதிரே வைக்கோல் லாரி. துரும்பு வலது கண்ணில் விழுந்தது. நிறுத்தி, தேய் தேய் என்று தேய்த்தேன். புத்தி கெட்ட வேலை.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு இடது கண் சிறு வயது முதலே மங்கல். வலது கண் போனால் வாழ்க்கையே போச்சு. மிச்ச தூரம் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்து உருட்டிக்கொண்டு போனேன்.

தங்கராசு வீட்டுக்குப் போய்ச் சேர 9.40. அவன் மனைவி கண்ணைப் பார்த்துவிட்டு விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.

"ஏனுங்ணா, ஒரே ஒரு சொட்டுங்க. குளுகுளுன்னு இருக்கும்."

எங்கள் பக்கம் வீட்டுக்குப் போனால் கொடுத்த காப்பியை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. எண்ணெய்க்கும் அதே மரியாதை காட்டிவிட்டேன். வலி இரட்டிப்பானது.

10.30க்கு அதே ஊரில் கண் மருத்துவரிடம். அந்தம்மா மரத்துப்போகும் சொட்டு விட்டதும் வலி மாயமாக மறைந்தது. சாயம் விட்டு, நீல விளக்கில் பார்த்தார்.

"கருவிழி மேல கீறலுங்க. ஆறிரும். எண்ணெயெல்லாம் விடக்கூடாதுங்க."

"இந்தச் சொட்டையே ஒரு பாட்டில் குடுத்துருங்களேன்."

"அது மட்டும் கேக்காதீங்க. வலி தெரியாது, காயமும் ஆறாது. பார்வையே போயிருங்க."

கிருமி வராமலிருக்கச் சொட்டு, வலிக்கு மாத்திரை, கறுப்புக் கண்ணாடி. நாளைக்கே கோயம்புத்தூரில் மறுபடி காட்டச் சொன்னார். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசைந்து உறுத்துகிறது. பைக்கை அவன் வீட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டையும் மூடிக்கொண்டு தங்கராசின் காரில் திரும்பினேன்.

அவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். "கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் சுத்துது மாப்ள. மில்லு வந்தாச்சு, ஷிப்டு விட்டுட்டாங்க. நம்ம டீக்கடைல அதே பெஞ்சுதான், ரெண்டு பேரு உக்காந்துட்டு இருக்கறாங்க." எனக்கு வலி பாதி மறந்துபோனது.

நான்கு நாளில் பார்வை தெளிந்தது. அடுத்த வாரம் பைக்கை எடுக்க, சிங்காநல்லூரில் காலை 7 மணிக்குத் தாராபுரம் பஸ் ஏறினேன். நீங்களும் இந்தச் சாலையில் போனால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே வையுங்கள். தூசி விழுந்தால் தேய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். அதற்கும் உறுத்தினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு, காயம் ஆறும்வரை தொடாதீர்கள். எண்ணெய் வந்தால், கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குண்டடத்துக்கு முன்பே ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். மில் இருந்த இடத்தில் வீட்டுமனைக் கற்கள். டீக்கடை இருந்த சுவடே இல்லை. தங்கராசுக்குப் போன் போட்டேன்.

"அது இடிச்சு எட்டு வருசம் ஆச்சு மாப்ள. கண்ணு வலில கெடந்த. கடையும் இல்லைன்னு சொல்லோணுமாக்கும்?"

இரண்டு கண்ணிலும் தண்ணீர் முட்டியது. தேய்க்காமல் துடைத்துக்கொண்டேன்.