முள்ளுக்குள் இருந்த காடு

நான்கு வருஷத்துக்கு முன்னால், திருவிடந்தைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நடந்தது இது. நான் ஜேசிபி ஓட்டுகிறேன். ஊர்ப் புறம்போக்கில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய காட்டைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்களாம்.

அங்கே நான்கு பெண்கள் கையாலேயே முள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் என் வயதுள்ள அம்மா ஒருவர் வண்டிக்கு எதிரில் வந்து நின்றார்.

"அண்ணாத்த, சிவப்புத் துணி கட்டின பக்கம் மிஷினை வுடாத. முள்ளுக்குள்ள வீரை கீது, வக்கணை கீது. அல்லாம் பழைய காட்டு மரம். தானா மொளச்சது. அத்த நாங்க கையால பாத்துக்கிறோம்."

சரி என்று தலையாட்டினேன். மறுநாள் காலையில் வேறு இடத்தில் வேலை. அந்த அவசரத்தில், அவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அந்தப் பக்கத்தையும் வாரிவிட்டேன். பத்தே நிமிஷம்தான்.

திரும்பி வந்தவர் திட்டவே இல்லை. மண்ணில் உட்கார்ந்து, ஒடிந்த செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கூட இருந்த பெண் என்னிடம் வந்து சொன்னார். "ஈசிஆர் ரோட்டுல பைக் மோதி புள்ளய பறிகொடுத்தவ. ஒரு வருஷம் வூட்ட வுட்டு வெளிய வரல. இங்க வந்தப்புறந்தான் சோறு துன்றா, தூங்கறா. இத்தப் போயி இப்டி பண்ட்டியே."

இன்ஜினை நிறுத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி இல்லாமல் போனேன். அந்தம்மா ஒரு கடப்பாரையை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். மிஷின் ஒரே இழுப்பில் பிடுங்குகிற கருவேல வேரைக் கையால் தோண்ட எனக்கு அரை நாள் ஆனது. உள்ளங்கையில் முள் ஏறிச் சீழ் வைத்தது. இருந்தாலும் விடக் கூடாது என்று வாராவாரம் போனேன். மற்ற நாட்களில் வண்டியை விட்டு இறங்கிய பிறகும் என் உடம்பு அதிர்ந்துகொண்டேயிருக்கும். படுத்தால் காதில் இரைச்சல். தோண்டிவிட்டு வந்த நாட்களில் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை, அந்தம்மாவே கூப்பிட்டார்.

"அண்ணாத்த, இங்க வா! துளுத்துகினு கீது பாரு!"

நான் பிய்த்தெறிந்த இடத்தில், மண்ணுக்குள் தங்கிவிட்ட வேரிலிருந்து வீரை விரல் நீளம் எழுந்திருந்தது. அவர் அழுதார், சிரிக்கவும் செய்தார். நான் வாரிப்போட்ட பதினொரு செடிகளில் ஏழு பிழைத்தன. நான்கு வரவேயில்லை.

இப்போது அங்கே நட்ட மரங்களின் நிழல் விழுகிறது; கன்று வளர்க்கப் போட்ட நாற்றங்காலை அந்தம்மாதான் பார்த்துக்கொள்கிறார். ஞாயிறுகளில் நானும் போகிறேன். அந்த ஏழும் என்னால் பிழைக்கவில்லை, எனக்குத் தப்பிப் பிழைத்தவை என்பது தெரிந்ததால், எந்த நிலத்திலும் சாவியைத் திருப்பும் முன் கீழே இறங்கி ஒருமுறை சுற்றி நடந்து பார்க்காமல் இன்றுவரை நான் வேலையைத் தொடங்கியதில்லை.