முல்ஷியில் மணத்த கருவாடு

புனே கராடியில் என் மேல்வீட்டுக்காரர் கோயம்புத்தூர்க்காரர். எங்கள் அலுவலகத்தில்தான் அவருக்கும் வேலை. ஒருநாள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டுதான் கருவாடு வறுத்தேன். அப்படியும் வந்து கதவைத் தட்டினார். "என்னங்க இந்த நாத்தம்? மனுசங்க குடியிருக்க வேண்டாமுங்களா?" வெட்கத்தில் அதன்பின் கருவாடே வாங்கவில்லை.

போன மாதம் அலுவலகத்தில் எங்களை ஊருக்கு வெளியே முல்ஷி பக்கம், வயல் நடுவே ஓடு வேய்ந்த ஒரு போர்ச்சுகீசிய உணவகத்துக்கு அழைத்துப் போனார்கள். தட்டில் மீன் வந்தது. உப்புப் போட்டுக் காயவைத்து, பிறகு ஊறவைத்துச் சமைத்தது என்றார் பரிமாறியவர். மேல்வீட்டுக்காரர் கண்ணை மூடி முகர்ந்தார். "என்ன மணமுங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுவும் கருவாடுதாங்க."

"சும்மா இருங்க, இது வேற," என்று இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

மறுநாளே நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து வறுத்தேன். இந்த முறை ஒரு ஜன்னலையும் சாத்தவில்லை.