சிட்ஸ்கேயின் பழைய மே

சிட்ஸ்கே போஸ்ட்மாவை நேற்று வொம்மெர்ட்டில் அடக்கம் செய்தோம். வழக்கப்படி பெட்டியைச் சுமந்து தேவாலயத்தை மூன்று முறை சுற்றினோம். மூன்றாவது சுற்றில் வடக்குச் சுவரில் பதித்த கல்லைத் தாண்டும்போது அவருடைய தம்பி டூர்க் என் தோளைத் தொட்டு, "அக்கா வேலை," என்றார். அந்தக் கல்லில் ஒரு சொல் இருந்த இடம் பள்ளமாக இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்காக நான் சிட்ஸ்கேக்கு முப்பத்திரண்டு வருடங்களாக நன்றி சொல்லி வந்தேன். அவர் ஒரு தடவைகூட அதை ஒழுங்காக வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் அப்பா பண்ணைக் கூலி. வேலை வருடக் கணக்கில்தான். பண்ணைக்காரரோடு ஒத்துவரவில்லை என்றால் மே பன்னிரண்டாம் தேதி கட்டில், சட்டி, கோழி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அடுத்த பண்ணைக்குப் போய்விட வேண்டும். எங்கள் ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் அந்த நாளுக்குப் பழைய மே என்று பெயர். அப்பாவுக்கு வாய் நீளம். அதனால் பத்து வருடத்தில் ஏழு வீடு, ஏழு பள்ளிக்கூடம். ஒரு பள்ளியில் பின்னக் கணக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை, அடுத்ததில் முடித்துவிட்டார்கள்.

"அரை தெரியும், கால் தெரியும்," என்பார் என்னிடம். "ரொட்டி வெட்ட அதுக்கு மேல எதுக்கு வாத்தியாரே?"

இருபத்தைந்து வயதில் லேவார்டன் ஆவணக் காப்பகத்தில் தரை துடைக்கச் சேர்ந்தார். பிறகு வாசிப்பு அறையில் பெட்டிகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. பழைய கையெழுத்தைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படிக்கிறவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று நின்றே பழகிக்கொண்டார். ஆராய்ச்சிக்கு வந்த பேராசிரியர்கள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால், பெட்டியை வைக்கிற சாக்கில் அந்தச் சொல்லை மெல்லச் சொல்லிவிட்டுப் போவார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பதினொரு வருடங்கள், பள்ளி இல்லாத நேரமெல்லாம், அந்த அறையில் ஒரே மனிதருக்காக உட்கார்ந்திருந்தேன். வொம்மெர்ட்டில் போதகராக இருந்த ரெய்னெருஸ். முடிவில்லாமல் சிறுத்துக்கொண்டே போகும் பின்னங்களைக் கூட்ட ஒரு குறுக்கு வழியை அவர் 1684இல் ஆம்ஸ்டர்டாம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருந்தார். கடிதத்தில் தேதி மே ஒன்று. அதே வழியை ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிகர் எழுதிவைத்திருந்தார், தேதி அதே வருடம் மே நான்கு. ஊர் உலகமெல்லாம் வணிகரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க, எங்கள் கிராமத்துப் போதகர் மூன்று நாள் முந்திவிட்டார். என் புத்தகம் முழுக்க அந்த மூன்று நாள்தான்.

ஒரு சிக்கல் எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்தக் காலத்தில் ஆம்ஸ்டர்டாம் புதிய நாட்காட்டிக்கு மாறியிருந்தது, ஃபிரீஸ்லாந்து மாறவில்லை. இங்கே மே ஒன்று என்றால் அங்கே மே பதினொன்று; பிறகு 1701இல் ஃபிரீஸ்லாந்தும் மாறியபோது அந்தப் பத்து நாள் வித்தியாசம் பதினொன்றாகியிருந்தது. ஆனால் போதகர் புதிய நாட்காட்டி வழங்கிய லைடன் பல்கலைக்கழகத்தில் படித்தவர், எழுதுவது ஆம்ஸ்டர்டாமுக்கு. அதனால் அவர்கள் தேதியைத்தான் போட்டிருப்பார் என்று அடிக்குறிப்பில் இரண்டு வரி எழுதி மேலே போய்விட்டேன்.

1987 மே மாதம் அச்சுப்படி கைக்கு வந்தது. வொம்மெர்ட் தேவாலயக் குழுவின் தலைவர் லோல்கமா கல்லே செதுக்கவைத்துவிட்டார்: முடிவில்லாப் பின்னங்களைக் கூட்டும் வழியை முதன்முதலில் கண்டவர் வாழ்ந்த இடம். ஜூன் மாதம் திறப்பு விழா. அச்சுப்படி வந்த அந்த மே மாதத்தில் ஒரு காலை எனக்கு வகுப்பு இல்லை. காப்பகத்தின் காபி அறையில் சிட்ஸ்கே சர்க்கரை ரொட்டி கொண்டுவந்து வெட்டிக்கொண்டிருந்தார். நான் பெருமை தாங்காமல் கடிதத்தின் தொடக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

"'மே முதல் நாள். வேலையாட்களின் வண்டிகள் காலையிலிருந்து என் ஜன்னலைத் தாண்டிப் போகின்றன. என் பணிப்பெண்ணும் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். சூப்பை நானே காய்ச்சினேன், அடிப்பிடித்துவிட்டது.'"

சிட்ஸ்கேயின் கத்தி நின்றது.

"இது மே ஒண்ணு இல்ல."

"அவரே போட்டிருக்காரேம்மா."

"அவரு என்ன வேணா போடட்டும். வண்டி போகுதுல்ல? வேலைக்காரி பெட்டியத் தூக்கிட்டாள்ல? அப்ப அது இன்னிக்கு."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத் தேதி என்ன? பன்னெண்டு. பழைய மே. எதுக்கு இந்த ரொட்டின்னு நெனச்சீங்க? எங்கப்பா என்னிக்காவது மே ஒண்ணுல வண்டி கட்டினாரா? ஊரு காலண்டர மாத்திக்கிச்சு, வண்டி மாறல. பழைய ஒண்ணுதான் இப்ப பன்னெண்டு. உங்க போதகரு ஊர்த் தேதியத்தான் போட்டிருக்காரு."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். அடிக்குறிப்புல இருக்கு."

"அடிக்குறிப்புல வண்டி இருக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. "பின்னமே படிக்காத நீங்க இதுல பேசறீங்க," என்றேன். இன்றுவரை நான் வெட்கப்படும் வாக்கியம் அது.

"ஆமா, படிக்கல," என்றார் சிட்ஸ்கே. "ஆனா வண்டியில உக்காந்திருக்கேன்." ஒரு துண்டு ரொட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் மூடுவதற்குள் என் மேசைமேல் ஒரு பதிவேடு வந்து உட்கார்ந்தது. வொம்மெர்ட் சபையின் பதிவேடு. ஊர் மாறுகிறவர்களுக்குப் போதகர் தரும் நற்சான்றை அதில் குறித்துவைப்பார்கள். போதகரின் கையெழுத்தில் அவருடைய பணிப்பெண்ணுக்கு ஒரு சான்று. தேதி அதே மே ஒன்று. ஊர்ப் பதிவேட்டில் ஊர்த் தேதிதான் இருக்கும்; ஆம்ஸ்டர்டாமில் அது மே பதினொன்று. என் மூன்று நாள் முன்னிலை ஏழு நாள் பின்னடைவாகிவிட்டது.

சிட்ஸ்கே கதவருகே கோட்டோடு நின்றார். "சொல்லாம விட்டிருக்கணுமோ வாத்தியாரே?"

நான் பதிவேட்டை மூடிவிட்டுக் கிளம்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "கால் மிதியடில துடைச்சிட்டு வாங்க," என்பது மட்டும்தான் அதற்கு வந்த பதில்.

புத்தகத்தை அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கினேன். லோல்கமாதான் குதித்தார். "கல்லு காகிதமாய்யா, அழிச்சு எழுத? பதினொரு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க, ஒரு பெட்டி தூக்கற அம்மா சொல்லணுமா?" கடைசியில் கல்தச்சர் 'முதன்முதலில்' என்ற ஒரு சொல்லை மட்டும் கொத்தி எடுத்தார். மிச்ச வாக்கியம் பொய்யில்லை என்று அதைச் சுவரில் பதித்தார்கள்.

அந்தப் புத்தகம் வந்திருந்தால் யாராவது ஒருவர் ஒரு வருடத்துக்குள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். என் சின்ன வாழ்க்கையில் இருந்த ஒரே நல்ல பெயரும் போயிருக்கும். அதற்குப் பதிலாக ஒரு மெல்லிய கட்டுரை எழுதினேன். கடிதத்தின் தேதியை வண்டிகளை வைத்து முடிவுசெய்வது பற்றி. அது பலருக்குப் பயன்பட்டது. வேறு ஊர்க் கடிதங்களையும் இப்போது இப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனால் அதற்கு 'ஹெஸ்ஸலின் வாதம்' என்று என் பெயரை வைத்துவிட்டார்கள். கட்டுரையின் முதல் வரியிலேயே சிட்ஸ்கேயின் பெயரைப் போட்டிருந்தேன். யாரும் அந்த வரியை எடுத்துச் சொல்லவில்லை. திருத்தச் சொல்லி மூன்று இதழ்களுக்கு எழுதினேன். ஒன்று மட்டும், 'காப்பக ஊழியர் ஒருவர் முதலில் கவனித்தார்' என்று போட்டது.

சிட்ஸ்கே அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஊழியர் ஒருவர். நல்லாத்தான இருக்கு. சம்பளம் ஏத்துவாங்களா?"

பழைய மே தோறும் சர்க்கரை ரொட்டியோடு ஒரே கேள்வி வரும். "கண்டுபிடிச்சீங்களா? ஆம்ஸ்டர்டாம்காரன் சொன்னதக் கேட்டுட்டு எழுதினாரா, அவருக்குத் தானா தோணுச்சா?"

"தெரியல." ஏழு நாளில் செய்தி படகில் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்.

"சரி. அப்ப அடுத்த வருஷமும் ரொட்டி."

போன மே மாதம் கத்தியைப் பிடிக்க அவர் கைக்கு வலுவில்லை. நான் வெட்டினேன். அப்போதும் கேட்டார். அப்போதும் தெரியல என்றேன்.

ரெய்னெருஸுக்கு அந்த வழி எங்கிருந்து வந்தது என்று எனக்கு இனியும் தெரியப்போவதில்லை. ஆனால் இன்னொன்று தெரியும். அதை இங்கே தேதி போட்டு எழுதிவைக்கிறேன். வண்டிகளை வைத்துத் தேதியைச் சொன்னவர் சிட்ஸ்கே போஸ்ட்மா. லேவார்டன், காப்பகத்தின் காபி அறை, 1987 மே 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. புதிய நாட்காட்டிப்படி. அவருக்குத் தானாகத் தோன்றியது. நான் பக்கத்தில் இருந்தேன்.