சலோங்கோவின் முன்வரிசை

கம்பாலாவின் நிடிண்டாவில் எங்கள் வகுப்பு தொடங்கிய அன்று, கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் கழுத்தில் விசிலுமாக ஒருவர் உள்ளே வந்தார். ஆசிரியர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் அதை மறுக்கவில்லை. "உக்காருங்க, உக்காருங்க" என்று கையமர்த்திவிட்டு, பின்னால் இருந்த இரண்டு பேரை முன்னுக்கும், ஜன்னலோரம் இருந்த என்னை நடுவுக்கும் மாற்றினார். உண்மையான ஆசிரியை லாமுனு வந்தபோது அவளுக்கும் ஒரு நாற்காலியைக் காட்டினார்.

அவர் பெயர் செர்வாட்டா. இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் என்பதால் ஊரே சலோங்கோ என்றுதான் கூப்பிடும். கம்பாலாவில் பெண் வீட்டார் நடத்தும் குவஞ்சூலா என்ற பெரிய நிச்சய விழா எதுவானாலும், மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பது, யாரை எந்தக் கூடாரத்தில் உட்காரவைப்பது என்ற பொறுப்பெல்லாம் அவருடையது. அந்த வேலைக்கு இங்கே புரோட்டோகால் என்று பெயர். விழாவில் எதற்குப் பின் எது என்று அச்சிட்டுக் கொடுக்கும் தாளுக்குப் புரோகிராம் என்று பெயர். ஆகவே, "புரோட்டோகால் சார்ந்த புரோகிராமிங் கற்றுத்தரப்படும்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும், தன் தொழிலுக்கும் ஒருவழியாக ஒரு படிப்பு வந்துவிட்டது என்று பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறார்.

"டீச்சர், பயிற்சிக்குக் கூடாரம் எங்க போடுவீங்க?" என்று கேட்டார்.

"எந்தக் கூடாரம் ஐயா? இது ஐபோனுக்குச் செயலி எழுதற வகுப்பு."

சலோங்கோ டையைச் சரிசெய்துகொண்டார். "அது தெரியும்மா. கூடாரமும் உண்டான்னுதான் கேட்டேன்."

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் பெயரைக் கேட்டுக்கொண்டு, விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "நகலேமா, இதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் தொட்டிருக்கியா?" என்று கிசுகிசுத்தார். காப்பீட்டு அலுவலகத்தில் அதுதான் என் வேலை என்றேன். "அப்போ நான் எழுந்து போற மாதிரி இருந்தா தடுத்துடு. சபையில உக்காந்தவன் பாதியில போகக்கூடாது."

போகவில்லை. எழுத்துகளை ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். பிழை என்று திரை சிவந்தால், "மன்னிக்கணும்" என்று அதனிடமே சொல்வார்.

அவருக்கு முதலில் பிடித்துப்போனது நிரல் எழுதுவதில் வரும் வாரிசு முறைதான். அப்பாவிடம் இருப்பதெல்லாம் பிள்ளைக்கு வரும் என்று லாமுனு சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயிற்சிக்கு ஒரு விழாவையே எழுத ஆரம்பித்தார். மனிதர், அவரிலிருந்து விருந்தாளி, விருந்தாளியிலிருந்து உறவினர், உறவினரிலிருந்து தாய்மாமன் என்று வம்சம் தழைத்தது. ஒரு போதகரிடம் வந்து முட்டியது.

"டீச்சர், இவர் பெண்ணுக்குத் தாய்மாமன். சர்ச்சுல போதகர். எம்.பி.யும் இவர்தான். மெஷின் ஒரே ஒரு அப்பாவைத்தான் ஒத்துக்குது."

"ஒரு வகைக்கு ஒரு அப்பாதான் சலோங்கோ. அதனாலதான் நாம புரோட்டோகாலுக்கு வரோம்" என்றாள் லாமுனு. "அது ஒரு ஒப்பந்தம். நீ யார் வீட்டுப் பிள்ளைன்னு கேக்காது. உனக்கு இந்த வேலை செய்யத் தெரியுமான்னு மட்டும் கேக்கும். ஜபம் பண்ணத் தெரிஞ்சா ஒரு ஒப்பந்தம், பேசத் தெரிஞ்சா இன்னொண்ணு. ஒருத்தர் எத்தனை ஒப்பந்தத்துல வேணாலும் கையெழுத்துப் போடலாம்."

"யார் வீட்டுப் பிள்ளைன்னு கேக்காதா?" சலோங்கோவின் முகம் வாடியது. "இத்தனை வருஷமா நான் கேட்டதே அது ஒண்ணுதானேம்மா."

ஒரு வாரம் அந்தக் கவலையோடு திரிந்தார். பிறகு திடீரென்று பிடிபட்டுவிட்டது. 'உட்காரக்கூடியவர்' என்று ஓர் ஒப்பந்தம் எழுதினார். ஒவ்வொரு வகை ஆளும் தன் இடத்தைத் தானே சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்குப் பொதுவாக ஓர் இடத்தை எழுதி வைத்துவிடலாம் என்று லாமுனு காட்டிக்கொடுத்தாள். சலோங்கோ யோசிக்கவேயில்லை. 'முன்வரிசை' என்று எழுதினார். ஆள் யாரென்று தெரியாவிட்டால் முன்னால் உட்காரவை, பின்னால் உட்காரவைத்து அவன் அமைச்சரின் மைத்துனனாக இருந்துவிட்டால் தொலைந்தாய் என்பது அவர் தொழில் பாடம்.

செயலி முதலில் களம் இறங்கியது கயீரா என்பவரின் மகளுடைய குவஞ்சூலாவில். எங்களில் நான்கு பெண்களைப் பிடித்து, விழாக்களுக்கு உடுத்தும் கோமேசி உடையைக் கட்டவைத்து, கையில் போனைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார். உறவினர், குருமார், பதவியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் விதி எழுதியாகிவிட்டது. மற்றவர்களுக்கு எழுத நேரமில்லை.

அன்று வாசலில் யார் வந்தாலும் நான் பெயரையும் அவர் யாரென்பதையும் தட்டினேன். போன் இடத்தைச் சொன்னது. தலையில் துண்டோடு வந்த சமையல்காரிகளுக்கு முன்வரிசை என்றது. மத்தளக்காரர்களுக்கும் அதையே சொன்னது. ஜெனரேட்டர் பார்க்கும் ஓச்சோலா கையில் டீசல் கேனோடு தயங்கினார். "நான் அந்தப் பக்கமா போயிடறேனே" என்றார். "செயலி சொல்லுதுங்க" என்று கேனை வாங்கி வைத்துவிட்டு, மணப்பெண்ணின் அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். மாப்பிள்ளையின் முதலாளிக்கு வங்கி மேலாளர் என்ற பதவி இருந்தது. பதவிக்காரர்களுக்கு மூன்றாம் வரிசை என்று விதியே இருந்ததால் அவர் மூன்றாம் வரிசைக்குப் போனார்.

மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் தொண்டையைக் கனைத்து, "நாங்கள் வந்த காரணம்..." என்று தொடங்கியபோது மின்சாரம் போனது. ஜெனரேட்டரைப் போட வேண்டியவர் இரண்டு பெரிய மனிதர்களைத் தாண்டி வர வெட்கப்பட்டு அசையாமல் இருந்தார். அத்தை அவரிடம் திரும்பி, "நீங்க எந்தக் குலம்?" என்று கேட்டாள். "டீசல் பக்கம்மா" என்றார் பாவம். சாப்பாட்டு நேரம் வந்தும் மட்டோக்கே என்ற வாழைக்காய் மசியல் வாழை இலைக்குள்ளேயே கிடந்தது. பரிமாறுபவர்கள் யாரோ தங்களுக்குப் பரிமாறட்டும் என்று காத்திருந்தார்கள்.

கயீரா சலோங்கோவின் கோட்டைப் பிடித்து இழுத்தார். "என்னய்யா இது, என் வீட்டு விசேஷத்துல?"

சலோங்கோவுக்கு வியர்த்தது. திருத்தக் கம்ப்யூட்டர் இல்லை. என்னைப் பார்த்தார், விழாவுக்கு வந்திருந்த லாமுனுவைப் பார்த்தார். அவளும் முன்வரிசையில்தான் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தாள். பிறகு நடுவில் போய் நின்று, மைக் இல்லாமலே குரலை உயர்த்தினார்.

"பெரியவர்களே, இந்த விருந்தை உழைத்து உண்டாக்கியவர்களை முதலில் கௌரவிக்க வேண்டும் என்பது கயீரா அவர்களின் ஆசை. எழுந்து நில்லுங்கள் அம்மா, நில்லுங்கள் ஐயா. கைதட்டி இவர்களை வேலைக்கு வழியனுப்புவோம்."

கூட்டம் எழுந்து தட்டியது. ஓச்சோலா கும்பிட்டபடியே ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டார். சமையல்காரிகள் குலவையிட்டுக்கொண்டே பாத்திரங்களை நோக்கி நடந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். கயீரா மெதுவாகக் கோட்டை விட்டுவிட்டு, "ரொம்ப நாளா மனசுல இருந்த விஷயம்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை லாமுனு கரும்பலகையில் எழுதி எழுதி விளக்கினாள். "பொதுவா எழுதறதை யோசிச்சு எழுதணும். இப்பவே அந்த முன்வரிசையை எடுத்துடுங்க சலோங்கோ."

"எடுக்க முடியாதும்மா." அவர் முகத்தில் நிஜமான சங்கடம் இருந்தது. "முகோனோவுல ரெண்டு வீட்டுக்காரங்க கூப்பிட்டிருக்காங்க. அதே மாதிரி சமையல்காரங்களை முன்னாடி உக்காரவெச்சுக் கைதட்டணுமாம். ஒருத்தர் கரண்டும் போகணும்னு கேக்கறார்."

லாமுனு சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சிரித்தாள். பிறகு அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சமையல்காரர்களுக்கும் ஜெனரேட்டர்காரருக்கும் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதக் கற்றுக்கொடுத்தாள். முதலில் முன்வரிசை, கைதட்டல் முடிந்ததும் அவரவர் இடம். சலோங்கோ ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். திரை சிவக்கவில்லை.

"நன்றி" என்றார் அதனிடம்.