அலமாரிச் சாவி தந்த பிரெஞ்சு

2005-ஆம் வருடம் என்று நினைவு. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த நான், கல்யாணமாகி விருத்தாசலம் வந்து, வீட்டு மாடியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். வந்ததெல்லாம் பிரான்சு மாப்பிள்ளை பார்த்திருந்த பெண்கள்தான்.

அதில் ஒருத்தி பீங்கான் பொம்மைப் பட்டறையில் வண்ணம் தீட்டுபவள். நகக்கண்ணில் பெயிண்டோடுதான் வருவாள். பாடப்புத்தகத்தை ஒரு வரி விடாமல் ஒப்பிப்பாள். கேள்வி கேட்டால் மட்டும் வாயே திறக்க மாட்டாள். மாப்பிள்ளையின் அக்கா அந்த மாதமே பிரான்சிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த அந்த அக்காவுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. அவள் சரி சொன்னால்தான் கல்யாணம். பாடப்புத்தகத்தில் இருந்த ரயில் டிக்கெட் வாங்குவதையும் ஓட்டலில் அறை கேட்பதையும் வைத்துக்கொண்டு வருங்கால நாத்தனாரிடம் என்ன பேசுவது?

ஒருநாள் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பிரெஞ்சுச் சிறுகதையை வாசித்தேன். புது மருமகளிடம் அலமாரிச் சாவியைத் தராமல் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு திரியும் மாமியாரின் கதை. சர்க்கரை வேண்டுமென்றாலும் அவளைத்தான் கேட்க வேண்டும். பாதியில் நிறுத்தி, யார் பக்கம் நியாயம் என்று கேட்டேன். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகிவிட்டது. மாமியார் மருமகள் பஞ்சாயத்து என்றால் நம்மூரில் யாரால் சும்மா இருக்க முடியும்? மற்றவர்கள் தமிழுக்குத் தாவிவிட, கேள்விக்கு வாயே திறக்காத இவள் எழுந்து நின்று, தப்பும் தவறுமாக, மூச்சு விடாமல், பிரெஞ்சிலேயே மருமகளுக்காக வாதாடினாள். கடைசியில் மட்டும் தமிழ்.

"அந்தப் பொண்ணு பாவங்க டீச்சர். வாயத் தொறந்து கேக்கச் சொல்லுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா வந்த அன்று துணைக்கு நானும் போயிருந்தேன். நலம் விசாரித்து முடித்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று இவள் அந்தக் கதையை ஆரம்பித்தாள். அக்காவோ மாமியார் கட்சி! காபி ஆறிப்போகும்வரை ஒரே சண்டை, சிரிப்பு. நான் குறுக்கே பேச வேண்டிய தேவையே வரவில்லை. கிளம்பும்போது அக்கா என்னிடம், வாதாட எங்கள் வீட்டுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணமாகி பிரான்சு போனவள் ஒருநாள் போன் செய்தாள். மாமியார் எப்படி என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இந்த வூட்ல எந்த அலமாரிக்கும் பூட்டே இல்லீங்க டீச்சர். நான்தான் வீணா பயந்துட்டிருந்தேன்."

பேச ஆசை வந்துவிட்டால் பாஷை பின்னாலேயே ஓடிவரும் என்று எனக்குக் காட்டியவள் அவள்தான். அதற்குப் பிறகு எந்த வகுப்பையும் நான் ரயில் டிக்கெட் பாடத்தில் தொடங்கியதில்லை, நல்லதொரு சண்டையுள்ள கதையில்தான் தொடங்குகிறேன்.